மேல் படுக்கையில் யார்?

பயணம் கிளம்ப இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தபோது, சின்ன மாப்பிள்ளையின் முழங்கைக்குக் கீழே மூன்று தடிப்புகள் எழும்பியிருந்தன. அளந்து வைத்தாற்போல் ஒரே கோட்டில்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆசை தாங்காமல் முந்தைய இரவே, வாசலில் நின்ற கேரவனில் போய்ப் படுத்திருந்தார். விடிந்ததும் சட்டைப்பையிலிருந்த லென்ஸை எடுத்து மெத்தையின் தையல் ஓரமாக வைத்துப் பார்த்தார். ஆப்பிள் விதை அளவில், தட்டையாக, பழுப்பாக ஒன்று இருந்தது. கடன்காரனைக் கண்டவன் போல அது தையலுக்குள் நழுவிக்கொண்டது.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி, கதவருகே வந்து.

"மூட்டைப்பூச்சி."

"மெதுவாச் சொல்லுங்க! பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடப் போகுது."

அவர் சொன்னது அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் குரல் அப்படி.

கேரவன் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. அக்காளையும் தங்கையையும் கட்டிய இரண்டு சகலைகள் சேர்ந்து, பாதிப் பாதி போட்டு வாங்கியது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு குட்டி வீடு: அடுப்பு, மேசை, கழிவறை, பின்பக்கம் கீழ்ப் படுக்கை, ஓட்டுநர் தலைக்கு மேலே பரண் மாதிரி ஒரு மேல் படுக்கை. ஒரு மாதம் இவரிடம், ஒரு மாதம் அவரிடம். விதி ஒன்றே ஒன்றுதான், அதையும் போட்டது பெரிய மாப்பிள்ளை. வண்டியைக் கெடுத்தவருக்கு அடுத்த முறை வண்டி கிடையாது. போன வருஷம் ஒரு குழாய்த் திருகு காணாமல் போனதற்காகச் சின்ன மாப்பிள்ளை ஒரு முறையை இழந்திருந்தார். இந்த முறை விட மனசில்லை. கடைக்குப் பத்து நாள் பூட்டு என்று பலகை எழுதி மாட்டியாகிவிட்டது. கடலோரமாகவே போவது, தோன்றிய இடத்தில் நிறுத்துவது, அலைச் சத்தத்தில் தூங்குவது. மூன்று வருஷமாக இதை நினைத்தபடியே லென்ஸ் தேய்த்திருக்கிறார்.

பூச்சியை இரண்டு நாள் மூடி மறைக்கலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், மனைவி அக்காவுக்குப் போன் போட்டிருந்தாள்.

பெரிய மாப்பிள்ளை அரை மணியில் வந்து இறங்கினார். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். வந்ததும் பழக்கதோஷத்தில் நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்தார்.

"சகலை, போன மாசம் நான் ஒப்படைக்கும்போது வண்டி சுத்தமா இருந்துச்சா, இல்லையா?"

"கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சுத்தம்தான்."

"உங்க கண்ணே பூதக்கண்ணாடி. அதுக்கே தெரியலைன்னா, அப்புறம்தான் வந்திருக்கு. அதாவது, உங்க வீட்டுலேர்ந்து."

"எங்க வீட்டுல இல்லை, சகலை."

"எங்க வீட்டுல மட்டும் இருக்கா? வந்து பாருங்க. கட்டிலைப் பிரிச்சுப் போடுறேன்."

பேச்சோடு நிற்கவில்லை. அன்று பகல் முழுக்க மாறி மாறி இரண்டு வீட்டுக் கட்டில்களையும் பிரித்துப் போட்டார்கள். சின்ன மாப்பிள்ளை லென்ஸும் கையுமாகத் தரையில் தவழ்ந்தார். ஒரு பூச்சியும் இல்லை. மாஸ்டர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தொலைந்துபோன ஒற்றைத் தோடு கிடைத்தது. அதற்காக அக்காவும் தங்கையும் கொஞ்ச நேரம் சண்டையை மறந்தார்கள்.

மறுநாள் காலை பூச்சி மருந்துக்காரர் வருவதாக ஏற்பாடு. ஆனால் அவருக்கு முன்னால் மாமியார் வந்துவிட்டார்.

மாமியார் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். பெண் பார்க்க வந்த அன்றே இரண்டு மாப்பிள்ளைகளின் நகத்தையும் பார்த்தவர். அவர் வார்டில் ஈ நுழைந்தால்கூட காலைத் துடைத்துவிட்டுத்தான் நுழையும் என்பார்கள். வண்டி என்றாலே அவருக்கு வாந்தி. கேரவன் வாங்கிய புதிதில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னவோ, இந்த ஆறு மாதமாகத்தான் அடியோடு மாறிப் போயிருந்தார். எந்தப் பெண் எங்கே கிளம்பினாலும், எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் மேல் பாசம் பொங்குகிறது என்று பெண்கள் பூரித்தார்கள். பாசம் பொங்கும் முகமாக அது சின்ன மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. தூக்கம் சொக்கும் முகமாகத்தான் தெரிந்தது. அதையெல்லாம் யாரிடம் சொல்வது?

ஒரு பை, ஒரு எலுமிச்சம்பழம், கக்கத்தில் தலையணை. பூப்போட்ட உறை போட்ட, கெட்டியான, பழைய தலையணை. அது இல்லாமல் அவர் எங்கும் படுப்பதில்லை.

"வண்டியில என்ன கூட்டம்?" என்றார், முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்துக்கொண்டு.

"சின்ன ரிப்பேர் அத்தை," என்றார் மாஸ்டர். "மெக்கானிக் வர்றாரு."

அப்படித்தான் பூச்சி மருந்துக்காரர் மெக்கானிக் ஆனார். அவரும் நல்ல மனுஷன். வாசலிலேயே விஷயத்தைக் காதில் போட்டதும், டார்ச்சைத் தூக்கிக்கொண்டு, "இன்ஜின் எங்கம்மா இருக்கு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டு நேராகப் படுக்கைகளைப் பார்க்கப் போனார்.

உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "கீழ நாலஞ்சுதான். வழி தவறி வந்ததுங்க. மேலதான் தலைமை அலுவலகம்." டார்ச் வெளிச்சம் மேல் படுக்கையின் மூலையில் நின்றது. கருப்புப் புள்ளிகள், வெள்ளைத் தோல்கள், அரிசி நுனி மாதிரி முட்டைகள். "இங்க யார் படுக்கிறது?"

நாலு பேரும் வெளியே பார்த்தார்கள். ஜன்னல் வழியாக முற்றத்து நாற்காலி தெரிந்தது.

கேரவனின் மேல் படுக்கையில் இதுவரை படுத்தவர் ஒரே ஒருவர்தான். அது அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும். மாப்பிள்ளை வாயால் அதை எப்படிச் சொல்வது? அதுவும் அந்த மாமியாரை?

"நான்தான்," என்றார் மாஸ்டர்.

"இல்ல, நான்," என்றார் சின்ன மாப்பிள்ளை.

இரண்டு நாளாக ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது குற்றத்துக்குப் போட்டி போட்டார்கள். மருந்துக்காரர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டு பேருமா?"

"மாத்தி மாத்தி," என்றார் மாஸ்டர்.

"ஏறிப் படுங்க சார், தலை எந்தப் பக்கம்னு பார்க்கணும்."

மாஸ்டர் பின்வாங்கும் ஆள் இல்லை. ஏணியில் ஏறி, தலையை நுழைத்து, தோளை நுழைத்தார். வயிறு கூரைக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு கால்களும் காற்றில் கிளட்சைத் தேடின. சின்ன மாப்பிள்ளை அவற்றைப் பிடித்து இழுத்தார்.

"மெதுவா, சகலை. ரிவர்ஸ்ல வாங்க. அவசரப்படாதீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக மாஸ்டருக்கு அவர் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். அக்காவும் தங்கையும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மருந்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "மருந்து வேண்டாம், சூடுதான். மெஷினை வச்சு வண்டியை மூடிடுவேன். சாயங்காலம் வரைக்கும் உள்ள அடுப்பு மாதிரி கொதிக்கும். முட்டைகூடத் தப்பாது. காலையில தாராளமாக் கிளம்பலாம். ஆனா வண்டிக்குள்ள புழங்கின துணி ஒண்ணு விடாம உள்ள இருக்கணும்." மறுபடி மேலே பார்த்தார். "இந்தப் படுக்கையோட தலையணை எங்க?"

"அது… வெளிய இருக்கு," என்றாள் தங்கை.

"அது வராம நான் மெஷினைப் போட மாட்டேன். ஒரே ஒரு பெண் பூச்சி தப்பிச்சாலும் மறுபடி குடித்தனம் ஆரம்பிச்சிடும், கெட்ட பேரு எனக்கு. அரை மணி நேரம் பார்ப்பேன். இன்னைக்கு விட்டா இனி அடுத்த வாரம்தான்."

அடுத்த வாரம் என்றால் கடை பூட்டிய பத்து நாளில் பாதி போய்விடும்; அதன் பிறகு வண்டி மாஸ்டர் முறை. சின்ன மாப்பிள்ளையின் கண்ணுக்குள் கடல் வற்றத் தொடங்கியது.

முதலில் அக்கா போனாள். "அம்மா, புதுத் தலையணை வாங்கி வச்சிருக்கேன். பஞ்சு மாதிரி இருக்கு."

"வேண்டாம். கழுத்து வலிக்கும்."

பிறகு தங்கை. "உறையையாவது குடும்மா, துவைச்சுத் தர்றேன்."

"நேத்துதான் துவைச்சேன். கொதி தண்ணியில."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு போனார். "அத்தை, நீண்ட பயணத்துக்கு முன்னாடி தலையணையைப் பரிசோதிக்கணும்னு போக்குவரத்துச் சட்டத்துல…"

"எந்தச் சட்டம்?"

மாஸ்டர் திரும்பி வந்தார். "நீங்க போங்க சகலை. உங்களைத்தான் அவங்களுக்குப் பிடிக்கும்."

"என்கிட்ட அவங்க சரியாப் பேசினதுகூட இல்லையே."

"அதான் பிடிக்கும். போங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் மாமியாரிடம் அவர் பேசியதெல்லாம் "சரிங்க அத்தை" என்ற இரண்டு வார்த்தைதான். விதிவிலக்கு அவருடைய கடையின் இருட்டறை. மாமியார் கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தால் அவர் வேறு ஆள் ஆகிவிடுவார். "இது தெளிவா இருக்கா அத்தை, இல்ல இதுவா?" லென்ஸை மாற்றி மாற்றிப் போடுவார். அங்கே மாமியாரும் சொன்ன பேச்சைக் கேட்பார். மேலே பார் என்றால் மேலே பார்ப்பார்.

அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தார். தலையணை உறையின் மூலையை விரலால் மெல்லத் திறந்து, தையல் மேல் லென்ஸைப் பிடித்தார்.

"கண்ணாடியைக் கொஞ்சம் மேல தள்ளிக்கோங்க அத்தை," என்றார். கடைக் குரல் எப்படியோ வந்துவிட்டது. "இப்போ தெளிவாத் தெரியுதா?"

மாமியார் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கேரவன் வாசலில் மூன்று தலைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றன. மெக்கானிக் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"கையைக் காட்டுங்க மாப்பிள்ளை."

காட்டினார். நர்ஸ் விரல் தடிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தது.

"மூணு."

"ஆமா அத்தை."

"சொறியாதீங்க."

"சரிங்க அத்தை."

மாமியார் தன் முழங்கைக்கு மேல் இருந்த துணியை ஒதுக்கினார். அங்கே வரிசை வரிசையாக, பழையதும் புதியதுமாக, எண்ண முடியாத அளவு தடிப்புகள். சின்ன மாப்பிள்ளைக்கு அந்தத் தூக்கம் சொக்கும் முகம் சட்டென்று புரிந்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு ஏறியது எதற்கு என்பதும் புரிந்தது. நிமிர்ந்து பார்த்தார். மாமியார் அவர் பார்வையைத் தவிர்க்கவில்லை.

"முதல் மாசம் இந்த வண்டியில அருமையாத் தூங்கினேன் மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "நல்ல வண்டி."

எழுந்தார். தலையணையோடு கேரவன் வரை நடந்தார். மூன்று தலைகளும் விலகி வழி விட்டன. தலையணையை உள்ளே தூக்கிப் போட்டார். மேல் படுக்கைக்கே போய் விழுந்தது அது.

"மெஷினைப் போடுங்க," என்றார். "போட்டுட்டு அப்படியே எங்க வீட்டுக்கு வாங்க. சாவி தர்றேன். நாங்க ஊர்லேர்ந்து திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடணும்."

மருந்துக்காரர் தன் வேஷத்தைக் கடைசி வரை விடவில்லை. "உங்க வீட்டுல எனக்கு என்னம்மா வேலை? நான் மெக்கானிக்காச்சே."

"அம்மா, மெதுவா," என்று தங்கை பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தாள்.

மாமியார் மதிலைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்ட அந்தக் குரலில், ராத்திரி டியூட்டி முடிந்து பகல் டியூட்டியிடம் ஒப்படைப்பவர் போல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"மூட்டைப்பூச்சி. என் வீட்டுல, எல்லாக் கட்டில்லயும். ஆறு மாசமா."