பழனியாத்தாள் ரோட்டைத் தாண்டிய கதை

நொச்சிக்காட்டுப்பாளையத்தில் நால்வழிச் சாலை போட்ட வருடத்திலிருந்து, எழுபது வயதைக் கடந்தவர்கள் அதில் கால் வைத்தால் சாலை அகன்றுகொண்டே போகும். இளவட்டங்கள் இரண்டு லாரிகளுக்கு நடுவே ஓடிப்போய் எதிர்ப்பக்க பேக்கரியில் டீ சொல்லிவிடுவார்கள். வயதானவர்கள் காலையில் இறங்கினால் அந்தப் பக்கம் ஏறும்போது பொழுது சாய்ந்திருக்கும். வண்டிகள் அவர்களை மோதுவதில்லை. எங்கோ தொலைவில் இரைந்துகொண்டு போகும். பல்லடத்திலிருந்து ஆட்கள் வந்து கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு கறிக்கோழி விலை இறங்கியதால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கால் திடமாக இருந்தவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மற்றவர்கள் இந்தப் பக்கத்தோடு நின்றுபோனார்கள். இளையவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் சாலை அகலாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் வேலையும் இருந்தது.

முதியவர்கள் வாழத் தோதான ஊர் எது என்று மதிப்பெண் போடும் வேலையாகக் கோவையிலிருந்து திருமூர்த்தி வந்தார். பூமியை விற்றுவிட்டு நகரத்துக்குப் போன குடும்பம்; வேலையில் கறாரானவர். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் தானே உட்கார்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரிச் சாய்தளத்தில் சக்கர நாற்காலியை ஏற்றிப் பார்த்தார். சாலையின் வெள்ளைக்கோடுகளை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது பழனியாத்தாள் பக்கத்தில் வந்து நின்றாள். ஆயுசெல்லாம் பிறத்தியார் தோட்டத்தில் களை வெட்டியவள்.

“ஏனுங்க கண்ணு, எதுத்தாப்புல என்ற தங்கச்சி செவ்வந்திக்கு ரொம்ப முடியலீங்க. கையப் புடிச்சு அந்தப் பக்கம் உட்டுருங்க.”

“இதா, இந்த டேப்பச் சுத்திப்போட்டு வாரேனுங்க ஆத்தா.”

டேப்பைச் சுற்றும்போது போன் வந்தது. அடுத்த ஊரில் காத்திருந்தார்கள். பேசிக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டார். சாலையைக் கடக்கும் வசதிக்கு முழு மதிப்பெண் போட்டார்.

மழைக்காலம் முடிந்து, ஊருக்குக் கிடைத்த விருதுப் பலகையைத் திறந்துவைக்க அவர் மறுபடி வந்தார். பேக்கரிக்காரர் முகமது ரியாஸ் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு நீங்க போனதுக்கப்புறம் அந்தம்மா ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு, தனியாவே எறங்கிருச்சுங்க சார். செவ்வந்தி கட்டில்ல படுத்துக்கிட்டு வாசல் வழியாப் பாத்துட்டே இருந்துச்சு. நடு ரோட்டுல அக்கா எறும்பாட்டத் தெரியறான்னு சொல்லுச்சுங்களாமா. அக்கா வந்து சேரும்போது செவ்வந்திய எடுத்துட்டு ஊட்டக் கழுவி உட்டுட்டாங்க.”

அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனாலேயே திருமூர்த்தி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பலகை திறக்கப்படும்போது அவர் அங்கே இல்லை. பழனியாத்தாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“நான் திரும்பி வரலீங்க ஆத்தா.”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “வாரேன்னீங்க. நானும் நின்னு பாத்தனுங்க.” பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். “இப்ப வாங்க. அவ ஊட்டுல வெளக்கு வெக்கோணும்.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சாலை நீண்டு, பகலெல்லாம் நடக்கவேண்டி வந்தால் தேவலை என்று நினைத்தார். டவுன் பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. அதற்குள் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

“இத்துனூண்டு தானுங்களே!” என்றாள் பழனியாத்தாள். அவள் விளக்கேற்றும் வரை அவர் வெளியிலேயே நின்றார்.

ஊரின் மதிப்பெண்ணைக் குறைத்து எழுதி அனுப்பினார். கோடுகள் சரியாக இருப்பதாக மேலே இருந்தவர்கள் பழையதையே வைத்துக்கொண்டார்கள். பலகை அங்கேயே இருக்கிறது. திருமூர்த்தி வெள்ளிக்கிழமைதோறும் வந்து, சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற வயதானவர்களைக் கைப்பிடித்து அந்தப் பக்கம் விட்டு, திரும்புகிறவர்களை இந்தப் பக்கம் கூட்டிவருகிறார். அவர்களோடு போகும்போது சாலை எல்லாருக்கும் போலத்தான் இருக்கிறது. கடைசி ஆளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போதுதான், ஐம்பதுகூட ஆகாத அவருக்கு, அது அகன்றுவிடுகிறது. ஊரில் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

போன வாரம் அவர் மனைவி நந்திதா போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

“ரோட்டுலதான். இன்னும் பாதி இருக்குது.”

“சோறு கொண்டுபோனீங்களா?”

“கொண்டாந்தேன்” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி நடந்தார்.