பஸால் தூக்கி வந்தவர்கள்

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் றபீக்கா ஏழு வருசமாகக் கட்டிக்காத்த பொய், அவள் மீன் வாங்க வாசலுக்கு வந்த ஒரு காலையில் உடைந்துபோனது. மீன்காரர் புண்ணியமூர்த்தி சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியை நீட்டினார். "இது உங்கட மகன்தானே ராத்தா?" திரையில், சீருடையும் நெஞ்சில் பதக்கமுமாகப் பஸால் நின்றான்.

லண்டனுக்குப் படிக்கப் போன மகன் பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஹோட்டலில் சமைக்கிறான் என்றே சொல்லிவந்தாள். சீருடையைக் கண்டால் கதவைச் சாத்திய யுத்த காலத்தில் வளர்ந்தவள் அவள். எத்தனை உம்மாமாரின் பிள்ளைகளை இவன் சுட்டிருப்பானோ என்ற நினைப்பு தொழுகைப் பாயிலும் விடவில்லை. லீவில் அவன் வந்து நாலு நாள். இடியப்பம் அவித்தாள், இறால் பொரித்தாள், அதை மட்டும் கேட்கவில்லை.

பஸால் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தான். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"மனே, எத்தின பேரச் சுட்டதுக்கு இதத் தந்த?"

"சுட்டதுக்கில்ல உம்மா. தூக்கினதுக்கு."

காயக்காரருக்கு மருந்து கட்டுவதுதான் அவன் வேலை. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. துப்பாக்கிச் சூடு ஓயவில்லை. ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடினான். திரும்பப் போனான். மூன்று தரம்.

"கடைசி ஆள் ஆறடி உம்மா. வழியெல்லாம் எனக்கு ஏசிக்கிட்டே வந்தான். போன மாசம் அவனுக்குப் பொம்புளப் புள்ள."

"மூணு பேரும் இரிக்காங்களா?"

"ஓம், இரிக்காங்க."

றபீக்கா படியில் உட்கார்ந்து அழுதாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. "ஏன்டா இதச் செல்லல்ல?"

"பட்டாளத்தப் பத்திக் கதைச்சாலே ஃபோன வச்சிருவீங்களே!"

புண்ணியமூர்த்திக்குச் சந்தேகம் தீரவில்லை. "ஆறடி ஆள எப்பிடித் தம்பி தூக்கின?"

பஸால் குனிந்தான். "விடுடா!" என்று கத்தி முடிப்பதற்குள் உம்மா மகனின் தோளில் கிடந்தாள். ஒரு செருப்பு கிணற்றடியில் விழுந்தது, மற்றது மீன் பெட்டிக்குள். பெண்கள் கைதட்ட, அவன் முற்றத்தைச் சுற்றி ஓடினான். முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு றபீக்கா தலையை நிமிர்த்தினாள். மதிலுக்கு அப்பால், தென்னைகளின் இடையில், கடல் வெயிலில் மின்னியது. இருபது வருசம் குடியிருந்தும் இந்த முற்றத்திலிருந்து அவள் அதைக் கண்டதில்லை.

"மெல்லடா" என்றவள், அவன் இறக்கப்போனதும் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னொருக்கா அந்தப் பக்கம் போ."