மேட்டு நிலத்து ஆண் செடிகள்

செவ்வாய்க்கிழமை காலை அல்லால் தன் கஞ்சா வயலில் குந்தி உட்கார்ந்து பூக்களைப் பார்த்தான். பெண் செடிகள் எல்லாம் வெள்ளை முடி விட்டிருந்தன. இன்னும் இருபது நாள் யாரும் தொந்தரவு செய்யாமல் இருந்தால் பிசின் ஏறி, விரலால் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அறுவடைதான். ஆனால் அவன் பார்வை பூவில் நிற்கவில்லை. தலைக்கு மேலே, கிழக்குச் சரிவில், அண்ணி யாம்னாவின் நிலத்தில் ஆண் செடிகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. கொத்துக் கொத்தாகத் தொங்கிய மொட்டுகள் மஞ்சளாகிவிட்டதை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். வெடித்தால் மகரந்தம் புகை மாதிரி கிளம்பும். கீழைக்காற்று வேறு வரப்போகிறது என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அது வந்தால் மொத்தமும் இவன் வயலில்தான் இறங்கும். பூவில் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூவில் பிசின் ஏது?

கெத்தாமா மலையில் அவன் அப்பா காலத்தில் இந்தக் கவலையே கிடையாது. அப்போது எல்லோரும் போட்டது பெல்தியா என்கிற நாட்டுச் செடி. இடுப்பளவு கூட வளராது, ஒல்லி இலை. பிப்ரவரியில் தூவினால் மழை பார்த்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் கலந்தே நிற்கும், விதை கொட்டும், கிடைத்த பிசின் கிடைத்தது. பிறகு கர்தாலா வந்தது. ஆளுயரச் செடி, மூன்று மடங்கு பிசின். அதற்கும் பிறகு பாகிஸ்தானா, க்ரிட்டிகா என்று வருஷத்துக்கு ஒரு பெயர் வெளிநாட்டு விதை உறைகளில் வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட வீரியம். நாற்பது வருஷம் குழாயில் கிஃப் என்கிற கஞ்சாத் தூள் பிடித்த கிழவர்களே புதுச் சரக்கை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, நெஞ்சு படபடக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதுச் செடிகள் எல்லாம் தண்ணீரைக் குடித்தன. ஊரில் முக்கால்வாசிப் பேர் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். இரண்டு ஊற்றுகள் வற்றிப்போயின.

இந்த வருஷம் அல்லால் போட்டிருந்தது எழுபது நாளில் அறுவடைக்கு வரும் விதை. எல்லாமே பெண்ணாகத்தான் முளைக்கும், ஆண் செடி தேடிப் பிடுங்க வேண்டிய வேலையே இல்லை என்று விற்றவன் சொல்லியிருந்தான்.

அவன் மேலே ஏறிப்போனான். யாம்னா வரப்பில் நின்று ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தாள். அவன் அண்ணன் மெஸ்ஸவூத் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அண்ணன் இருக்கும்போதும் சரி, போன பிறகும் சரி, அந்தச் சரிவில் பெல்தியா தவிர வேறு ஒன்றும் ஏறியதில்லை. மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது என்பதுதான் காரணம். ஊரே சிரித்தது. இப்போது சட்டம் மாறிவிட்டது. உரிமம் வாங்கி நாட்டுச் செடி போடலாம் என்று ஆகிவிட்டது. பதினாலு வீடுகள் கூட்டுறவு சேர்ந்தன. சேர்ந்த பிறகுதான் கலப்பில்லாத விதை தங்கள் தகாந்த் ஊரிலேயே யாம்னா நிலத்தில் மட்டும்தான் மிச்சம் என்று தெரிந்தது.

"அண்ணி, ஒரு வார்த்தை பேசணும்."

"ஒரு வார்த்தைன்னா நின்னுட்டே சொல்லு. ரெண்டு வார்த்தைன்னா டீ போடறேன்."

"ஆண் செடியெல்லாம் புடுங்கிடுங்க."

யாம்னா சிரித்தாள். "உன் வயல்ல நிக்குதே, அதுக்கு இந்த வருஷம் என்ன பேரு? போன வருஷம் ஏதோ அமெரிக்காக்காரி பேரு சொன்னே."

"கிண்டல் வேணாம் அண்ணி. காத்து அடிச்சா என் வயல் போச்சு."

"ஆணைப் புடுங்கினா எனக்கு விதை போச்சு. பதினாலு வீடு அடுத்த வருஷம் எதைத் தூவும்? உன் உறையையா?"

"ஒரு வருஷம் பொறுத்துக்கக் கூடாதா?"

"நீ பொறுத்துக்கயேன். நான் உனக்கு முன்னாடியே விதைச்சேன். உன் கிணறு வந்ததுல இருந்து என் ஆட்டுக்கு ஊத்துத் தண்ணி இல்ல. அதுக்கு நான் உன் வாசல்ல வந்து நின்னேனா?"

அல்லாலுக்குக் காது சூடாகியது. "என்கிட்ட உரிமம் இல்லங்கிறதாலதானே இவ்வளவு பேசறீங்க? போய்ச் சொல்லிக் கொடுங்களேன்."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "ஒரு போன் பண்ணினா போதும், அல்லால். நீ விதைச்சதுல இருந்து என் கையில அந்த போன் இருக்கு. பண்ணலயே. அதை நினைச்சுக்கிட்டு இறங்கிப் போ."

இறங்கி வந்தான். அன்றைக்கே மோட்டார் இருமியது. பத்து நாளாகவே கிணற்றில் நீர் கீழே போய்க்கொண்டிருந்தது. வயலின் கடைக்கோடிக்குத் தண்ணீர் போய்ச் சேருவதே இல்லை. அந்தப் பக்கத்துச் செடிகள் பகலில் தலை தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தன. நிமிர்கின்றனவே என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வியாழக்கிழமை சந்தை. யாம்னாவும் அல்லாலின் மனைவி ரஹ்மாவும் ஒரே கோவேறு கழுதையில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு பெண்களுக்கும் நல்ல ஒட்டுதல். வயல் சண்டையை அவர்கள் அடுப்பங்கரைக்குள் விட்டதில்லை. வளைவில் அவர்கள் மறையும்வரை அல்லால் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அரிவாளை எடுத்தான்.

சரிவில் ஒருவரும் இல்லை. படிப்படியாக வெட்டிய நிலத்தில் அவன் கீழ்த்தட்டிலிருந்து தொடங்கினான். ஆண் செடி பெண்ணைவிட ஒரு சாண் உயரமாக நிற்கும், தேட வேண்டியதில்லை. அடியில் பிடித்து, ஆட்டாமல், மெதுவாக அறுத்து ஈரச் சாக்கில் போட்டான். ஒவ்வொன்றாக அறுக்கும்போது அண்ணன் பின்னால் நிற்பதுபோல முதுகு கூசியது. நான்காவது தட்டை முடித்தபோது கீழே பாதையில் யாரோ இருமும் சத்தம். அல்லால் செடிகளுக்கு நடுவே மண்ணோடு மண்ணாகப் படுத்தான். இருமல் கடந்து போயிற்று. அதற்குமேல் அவனுக்குத் தைரியம் வரவில்லை. மேல்தட்டை எட்டிப் பார்த்தான். பெரிய பாறைக்கு இந்தப் பக்கம் ஆண் செடி எதுவும் தெரியவில்லை. போதும் என்று சாக்கைத் தூக்கி ஓடைப் பள்ளத்தில் கொட்டி, மேலே கல்லைத் தள்ளினான்.

வயலுக்கு வந்து, கடைக்கோடியில் கிடந்த வாளியில் கை கழுவக் குனிந்தான். குனிந்தவன் கண்ணுக்கு நேராக ஒரு செடி. அதன் பூவுக்குள், வெள்ளை முடிகளுக்கு நடுவே, நகத்தளவுக்கு ஒரு மஞ்சள். சின்ன வாழைப்பழம் போல வளைந்து நின்றது. என்ன என்று விரலால் தொட்டான். விரல் மஞ்சளாகியது.

அடுத்த செடியில் மூன்று. அதற்கடுத்ததில் எண்ணவே முடியவில்லை.

விதை விற்றவனுக்கு போன் போட்டபோது அவன் குரலில் ஒரு அவசரமும் இல்லை. "தண்ணி காட்டாம விட்டிருப்பீங்க. தவிச்சா அது தானே ஆணாயி தனக்குத் தானே விதை போட்டுக்கும். சாகப்போறோம்னு பயம் அதுக்கு. உறையில எழுதியிருக்குமே."

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதுய்யா!"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அல்லால் வரப்பில் உட்கார்ந்தான். மேலிருந்து வரும் என்று பயந்தது அவன் வயலுக்குள்ளேயே முளைத்திருக்கிறது. வயல் போயிற்று, சரி. அப்போது பக்கத்து வீட்டு அடுப்புப் புகை அவன் கண்ணில் பட்டது. காலையில் மேற்கே சாய்ந்திருந்த புகை இப்போது கிழக்கே, சரிவை நோக்கி வளைந்துகொண்டிருந்தது. வானொலி சொன்ன காற்று வரவில்லை. மேல்காற்று கிளம்பியிருந்தது.

அவன் எழுந்து சரிவைப் பார்த்தான். மேலே அண்ணியின் பெண் செடிகள் எல்லாம் முடி விரித்து மகரந்தத்துக்காகக் காத்து நிற்கின்றன. அவற்றின் ஆண்களை இவனே அறுத்துவிட்டான். இனி அங்கே போய்ச் சேரப்போவது இவன் வயலின் மஞ்சள் மட்டும்தான். அந்தச் சரிவில் விளையும் விதை ஒவ்வொன்றும் இந்தப் பேர் தெரியாத கழுதையின் பிள்ளையாக இருக்கும்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆடு மேய்ந்தது என்று சொல்லலாம். யாரோ பொறாமைக்காரன் வந்தான் என்று சொல்லலாம். அதை யோசித்துக்கொண்டே கடைக்கோடிச் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். பிடுங்கிய செடி ஆடியதும் மகரந்தம் வெயிலில் பொடியாக எழுந்து, அவன் கண்ணெதிரே மேட்டைப் பார்த்து நகர்ந்தது. கையை எடுத்துவிட்டான். தனியாக முடிகிற வேலை இல்லை இது.

பிற்பகலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்குப் பெண்கள் திரும்பி வந்தார்கள். அல்லால் பாதையிலேயே போய் நின்றான். கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். ரஹ்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

யாம்னா கத்தவில்லை. "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு தட்டும் அண்ணி."

"பாறைக்குப் பின்னாடி?"

"பின்னாடி போகல."

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு சரிவில் ஓடினாள். நாற்பத்தெட்டு வயதுப் பெண் அப்படி ஏறி அல்லால் பார்த்ததில்லை. திரும்பி இறங்கும்போது இடுப்பில் கட்டியிருந்த சிவப்புக் கோடு போட்ட துணியை அவிழ்த்துத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"பதினொண்ணு நிக்குது. இன்னும் வெடிக்கல. உன் கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்கு?"

"ஒரு மணி நேரம் ஓடினா பெரிசு."

"மோட்டாரைப் போடு. வேர்ல ஊத்தாத, தலையில அடி. நனைஞ்சா அந்தப் பொடி செத்துடும். நனைச்சு நனைச்சுப் புடுங்கணும்."

பத்து நாளாகச் சொட்டுச் சொட்டாகப் பங்கிட்ட தண்ணீரை அல்லால் குழாயில் விரல் வைத்து மழையாக அடித்தான். பெண்கள் இருவரும் பின்னாலேயே வந்து நனைந்த செடிகளை வேரோடு பிடுங்கி ஈரச் சாக்கில் அமுக்கினார்கள். காற்று கூடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அது வீசும்போதும் யாம்னா நிமிர்ந்து தன் சரிவைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். முக்கால் மணி நேரத்தில் மோட்டார் காற்றை உறிஞ்சி அலறி நின்றது. வயலின் மேல்பாதி இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் தண்ணி குடிச்ச செடி அண்ணி," என்றான் அல்லால். "ஒண்ணுலயும் மஞ்சள் இல்ல. நான் பாத்துட்டேன். இதை மட்டும் விட்டுடலாம்."

"நாளைக்கு எதை ஊத்துவே?"

அவன் நின்றுபோன மோட்டாரைத் திரும்பிப் பார்த்தான்.

"கிணறு காஞ்சுபோச்சு. நாளன்னிக்கு இதுவும் தவிக்கும். அப்புறம் இதுவும் அதையேதான் பண்ணும்."

"இந்த வருஷத்து வெள்ளாமையே இதுதான் அண்ணி! சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

யாம்னா வாயைத் திறப்பதற்குள் ரஹ்மா நடந்து போய் முதல் செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தாள்.

"ரஹ்மா!"

"கத்தாதீங்க. அவங்க செடியை அறுக்கிறப்போ என்கிட்ட கேட்டீங்களா? இப்போ நான் புடுங்கறேன், கேட்க மாட்டேன்."

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது வயலில் குழிகள் மட்டும் இருந்தன.

பாறைக்குப் பின்னால் நின்ற பதினோரு ஆண் செடிகளும் மறுநாள் வெடித்தன. மேல்தட்டுகளில் விளைந்ததை மட்டும் யாம்னா விதைக்கு எடுத்தாள். கீழே விளைந்ததை நம்ப முடியாது என்று ஒதுக்கிவிட்டாள். பதினாலு வீட்டுக்கும் நினைத்ததில் பாதிதான் கிடைத்தது. கூட்டுறவுக் கூட்டத்தில் அல்லால் தானே எழுந்து நடந்ததைச் சொன்னான். ஒருவர் காறித் துப்பினார். இன்னொருவர் அவன் அப்பா பெயரை இழுத்தார். கடைசியில், அவனுக்கு அந்த வருஷம் விதை இல்லை, ஆனால் முளைத்த பிறகு பதினாலு வீட்டு நிலத்திலும் அகல இலைக் கலப்புகளைத் தேடிப் பிடுங்குவது அவன் வேலை என்று முடிவாயிற்று. குளிர்காலம் முழுவதும் யாம்னா அவனிடம் பேசவில்லை. ரஹ்மாவிடம் பேசினாள், அவன் உள்ளே வந்தால் நிறுத்திக்கொள்வாள். அவன் தன் வயலில் மொச்சை போட்டான்.

ஏப்ரலில் அவன் நிலம் நிலமாகக் குனிந்து நடந்தான். கலப்பு குறைவாகத்தான் இருந்தது. ஒரு நிலத்தில் பத்து, இன்னொன்றில் நான்கு. யாம்னாவின் மேல்தட்டில் ஒரு நாற்றுக்கு முன்னால் அவன் நெடுநேரம் நின்றான். இலை ஒரு பக்கம் பார்த்தால் அகலம், இன்னொரு பக்கம் பார்த்தால் ஒல்லி. பிடுங்கவும் மனசில்லை, விடவும் பயம். கடைசியில் கூப்பிட்டான்.

"அண்ணி, இதைக் கொஞ்சம் பாருங்க."

யாம்னா வந்தாள். குந்தி உட்கார்ந்து இலையைத் திருப்பினாள், முகர்ந்தாள், தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியல," என்றாள். "ஒரு வாரம் விட்டுப் பாப்போம். பக்கத்துல ஒரு குச்சி நட்டு வை."

அவன் குச்சி தேடப் போனான்.