தேவநேசனின் மூன்று சுரங்கள்

1974 ஜூலையில் ஜெகதளா சபைக் கோயிலின் கூரையடியில் பதினோரு பெண்கள் ஒரு சவப்பெட்டியோடு ஒன்றரை மணி நேரம் மிதந்தார்கள். பெட்டியில் இருந்தவள் அன்னம். கீழே வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் தேவநேசன், அரவங்காடு பாக்டரி ஊழியர்.

காரணம் பாட்டுதான். வெலிங்டனுக்கு ராணுவப் பயிற்சிக்கு வந்திருந்த கானா நாட்டு அதிகாரியின் மனைவி எஃபுவா, 1968இல் பாடகர் குழுவுக்குத் தன் ஊர்ப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். ஒருத்தி கூப்பிடுவாள், அவள் முடிப்பதற்குள் மற்றவர்கள் பதிலைப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு சுற்றிலும் குரல் ஒரு படி ஏறும், மனசும் கூடவே ஏறும். அடியில் ஓர் ஆண்குரல் மட்டும் அதே மூன்று சுரங்களைத் திருப்பித் திருப்பிப் பாடும். மேலே குரல்கள் மாற மாற, மாறாத அந்த மூன்று சுரமும் ஒரு சமயம் சிரிப்பாகக் கேட்கும், ஒரு சமயம் அழுகையாகக் கேட்கும். கூப்பிடும் குரல் அன்னத்துடையது, அடிக்குரல் தேவநேசனுடையது. முதல் வருடமே அவருக்கு இருமல் வந்து அடிக்குரல் நின்றபோது பெண்கள் ஒரு முழம் மேலே போய்விட்டார்கள். பாட்டை நிறுத்தியும் பயனில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடிய பிறகுதான், முதல் இரண்டு சுரத்துக்கு இறங்கி, மூன்றாவதற்குத் தரையில் கால் பதித்தார்கள். உபதேசியார் அன்று முதல் அவருக்கு மிளகுக் கஷாயம் கொடுக்க ஏற்பாடு செய்தார், வேறொன்றும் செய்யவில்லை.

மூன்று நாள் காய்ச்சலில் அன்னம் போனாள். அடக்க ஆராதனையில் அவளுடைய பாட்டையே பாடினார்கள். பெண்களோடு பெட்டியும் ஏறியது. அவளும் பாடகர் குழுதானே. தேவநேசன் பாடவில்லை. பாடினால் பெட்டி இறங்கும், இறங்கினால் புதைக்க வேண்டும். அந்த மனுஷனை யார் குறை சொல்ல முடியும்?

பக்கத்து வீட்டு வேலாமணி மாரியம்மனைக் கும்பிடுகிறவள். குழுவில் பாடுவதற்காக மட்டும் சபைக்கு வருவாள். உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு அவள்தான் கெஞ்சினாள்.

"ஏனுங்கண்ணா, கீழ எங்கொழந்தை பாலுக்கு அழுவுதுங்க. அக்காளும் எத்தன நேரந்தான் இப்பிடியே இருப்பாங்க? எறக்கி உடுங்க."

"எறக்குனா போயிருவாளே கண்ணு," என்றார் தேவநேசன்.

"மெதுவா எறக்குங்க. நாங்களும் கூட வர்றோங்க."

அவர் இரண்டு சுரம் பாடினார். மூன்றாவதைப் பாடவில்லை. பெட்டி கனமே இல்லாமல் அவர் கைகளில் வந்து நின்றது. தூக்க வந்தவர்களை விலக்கிவிட்டுத் தனியாகவே ஏந்திக்கொண்டு நடந்தார். பின்னால் பதினோரு பெண்களும் தரைக்கு நாலு விரல் மேலே வந்தார்கள், வேலாமணி குழந்தைக்குப் பால் கொடுத்தபடி. மழைச் சேற்றில் மற்றவர்கள் வழுக்கினார்கள். அந்தப் பெண்களின் பாதத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. கல்லறைத் தோட்டம் கால் மணி நேர நடை. தேவநேசன் தேயிலைக் காட்டையெல்லாம் சுற்றிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆக்கினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

குழியருகே நின்று மூன்றாவது சுரத்தைப் பாடினார். பெண்களின் கால்கள் சேற்றில் பதிந்தன. பெட்டி கனத்தது. நான்கு பேர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள்.