அறுபத்து மூன்றாம் இலக்கம்

விடியக்காலை நாலரைக்கே மர்லியாவின் தோள்மூட்டு கெஞ்சத் தொடங்கிவிடும். கொதிநீரில் குழைத்த சிவப்பரிசி மாவை உரலில் திணித்து, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினால்தான் இடியப்பம் தட்டில் விழும். ஆறரைக்குள் எண்ணூறு பிழிய வேண்டும். பிந்தினால் கொட்டாஞ்சேனைக் கடைக்காரன் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வான்.

அன்றைக்கு அவள் கண் கதவில் ஒட்டியிருந்த சிவப்பு நோட்டீசிலேயே கிடந்தது. மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டுமாம். முகத்துவாரத்தின் அந்தத் தொடர்மாடியில், வருமானத்துக்கேற்ற வாடகை என்று வீடமைப்புக் காரியாலயம் ஒரு பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கியிருந்தது. நல்ல திட்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் மூன்று மாதத்துக்கொரு படிவம்; திகதிக்குள் கொடுக்காவிட்டால் வீடு போய்விடும். புருஷன் நபீஸ் மௌத்தானதை அதில் பதிய அவள் ஏழு தரம் நடந்தாள். மரணப் பத்திரம் கொண்டுபோனால் போட்டோகொப்பி இல்லை. கொப்பி கொண்டுபோனால் கிராம சேவகரின் சீல் இல்லை. ஏழாம் தரம் கையில் அறுபத்து மூன்றாம் இலக்க வரிசைத் துண்டு. அறுபத்திரண்டோடு ஜன்னலைச் சாத்திவிட்டார் அதிகாரி இரத்தினசிங்கம். "திகதி முடிஞ்சுது பிள்ளை." பாவி மனுசன், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அஸீஸாவுக்கும் எதிர்வீட்டுப் பிறெடிக்கும் இதே கதைதான், இதே நோட்டீஸ்தான்.

ஏழு மணிக்கு அதே இரத்தினசிங்கம் கக்கத்தில் பைலோடு, மூச்சிரைக்க ஐந்து மாடியும் ஏறி வந்தார். லிஃப்ட் பழுதாகி இரண்டு வருசம்.

"அமைச்சுக்கு அறிக்கை போகவேணும். உங்களைக் கேட்டுத்தான் எல்லாம் செய்தது எண்டு நாப்பத்தெட்டு வீட்டுக்காரரும் கையெழுத்து வைக்கவேணும். இண்டைக்கு நாலு மணிதான் கடைசி. இல்லாட்டி என்ர தலைதான் உருளும்."

மர்லியாவின் வயிறு குளிர்ந்தது. அடேயப்பா, இந்த நாளுக்குத்தானே காத்திருந்தாள்!

"போட்டோகொப்பி இரிக்கா சேர்?"

"என்னத்தின்ர கொப்பி?"

"கிராம சேவகர்ட சீல்?"

படிக்கட்டில் கூடியிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். புறக்கோட்டைக்கு மூட்டை தூக்கப் புறப்பட்ட பிறெடியும் நின்றுவிட்டான். அதிகாரியின் காது சிவந்தது. குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உம்மட நோட்டீசை இப்பவே கிழிக்கிறன். நீர் வைச்சா மற்றவையும் வைப்பினம்."

நபீஸ் சுண்ணாம்பு அடித்த சுவர் அவள் கண்ணில் பட்டது. பொய் சொல்வானேன், ஆசை வந்தது. அஸீஸா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ட நோட்டீசை மட்டும் கிழிச்சா இவங்க ரெண்டு பேரும் எங்க போற? மூண்டையும் வாபஸ் வாங்கினதா சீல் குத்தி எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்க ஒருத்தரும் பேனையைத் தொடமாட்டோம்."

"அது என்ர கையில இல்லை! மேலிடத்தைக் கேக்கவேணும்."

"கேளுங்க சேர். எங்களப் போல ஏழு தரம் நடந்து கேளுங்க," என்றான் பிறெடி.

செய்தி மாடிமாடியாக இறங்கியது. கீழ்மாடியில் ஏற்கெனவே கையெழுத்து வைத்திருந்த முதியவர் சிவக்கொழுந்தர் முழங்காலைப் பிடித்தபடி ஏறி வந்தார். பைலை வாங்கித் தன் பெயரைக் குறுக்காக வெட்டினார்.

மர்லியா உள்ளே போய், மேசை லாச்சியில் வைத்திருந்த வரிசைத் துண்டை எடுத்துவந்து இரத்தினசிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தாள். அறுபத்து மூன்று.

"அந்தப் படியில இரிங்க சேர். நம்பர் கூப்பிடுவோம்."

அவர் இருந்தார். இருந்து, போனை எடுத்து மேலிடத்துக்கு அடித்தார். நோட்டீஸ் இன்னும் கதவில்தான் இருந்தது. நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடந்தது. படிக்கட்டை விட்டு ஒருத்தரும் நகரவில்லை.