அறைவாசி ஆற்றில் இறங்கினார்

1.

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மற்றவர்களுக்குக் கதை கனவில் வரும், மழையைப் பார்க்கும்போது வரும் என்கிறார்கள். எனக்கு இது இன்னொருத்தியின் கைப்பேசியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாயில் பாதி பிஸ்கட்டோடு வந்தது. அந்தப் பாதியை விழுங்கினேனா துப்பினேனா என்றுகூட நினைவில்லை.

நான் ஒரு வார இதழில் பயணக் கட்டுரை எழுதுகிறவள். அந்த இதழ் அச்சாகும் அச்சகத்தில் என் வீட்டுக்காரர் மெய்ப்புத் திருத்துபவர். அச்சேறும் முன் பிழை பார்ப்பது அவர் வேலை. ஆகவே நான் எழுதுவதை உலகத்தில் முதலில் படிப்பவர் அவர்தான். என் கட்டுரைகளை நீங்கள் படித்திருந்தால் அவரை ‘அறைவாசி’ என்ற பெயரில் உங்களுக்கும் தெரியும். எந்த ஊருக்குப் போனாலும் விடுதி அறையை விட்டு வெளியே வராத மனிதர். போனதும் குளியலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார், திரைச்சீலையை இழுத்து மூடுவார், வீட்டிலிருந்து கொண்டுவந்த உறையைத் தலையணைக்கு மாட்டுவார். பிறகு சாப்பாட்டு அட்டையில் உள்ள எழுத்துப்பிழைகளைப் பென்சிலால் திருத்திக்கொண்டு மூன்று நாளும் படுத்திருப்பார்.*

நான் நேர் எதிர். விடியும் முன் கிளம்ப வேண்டும், பார்க்கும் சந்தில் எல்லாம் நுழைய வேண்டும். திரும்பி வரும்போது கால் வீங்கியிருந்தால்தான் எனக்கு அது விடுமுறை. நான் ஊரைச் சுற்றுவேன், அவர் அறையைக் காப்பார், இருவரையும் பற்றி நான் எழுதுவேன், நீங்கள் சிரிப்பீர்கள். இப்படித்தான் எங்கள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

வரும் வெள்ளிக்கிழமை ஒரு மலைக்குப் போகிறோம். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதுதான் இந்தக் கதை.

* ஒரு வாசகி அறைவாசிக்காகத் தலையணை உறை ஒன்று தைத்து அனுப்பினார். ஓரத்தில் பூவேலை. எனக்கு இதுவரை யாரும் கைக்குட்டைகூட அனுப்பியதில்லை.

2.

எப்படித் தொடங்குவது என்று பார்த்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘தன் கணவனைத் தனக்கு முழுவதும் தெரியும் என்று நினைத்திருந்த ஒருத்திக்கு அன்று மாலை’ (நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியத்தை எழுதுகிறவள் அழப்போகிறாள் என்று தெரிகிறது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது.)

இரண்டாம் தொடக்கம்: ‘ஒரு பல் மருத்துவர் இருந்தார். அவருக்கு ஊர் சுற்றப் பிடிக்காது.’ (மானம் போகாமலிருக்க அவரைப் பல் மருத்துவராக்கிப் பார்த்தேன். ஆனால் இந்தப் பல் மருத்துவரும் சாப்பாட்டு அட்டையில் பிழை திருத்துகிறார். யார் நம்புவார்கள்?)

மூன்றாம் தொடக்கம்தான் நீங்கள் மேலே படித்தது. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

3.

அச்சகத்தில் புது இயந்திரம் வந்ததற்குச் சின்னதாக ஒரு தேநீர் விருந்து. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். மசியும் பசையும் கலந்து வாசனை அடிக்கும் அந்தக் கூடத்தில், காகிதக் கட்டுகளின் மேல் பலகை போட்டு பிஸ்கட் வைத்திருந்தார்கள். பைண்டிங் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். புத்தகம் கட்டும் பிரிவில் வேலை செய்பவள். என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் அச்சகமே அவளை அக்கா என்கிறது.

“அண்ணி, போன மாசம் நாங்க டூர் போனோமே, அண்ணன் சொன்னாரா?”

சொல்லியிருந்தார். ஊழியர்கள் மட்டும் போகும் வருடாந்தரச் சுற்றுலா. ‘எப்படி இருந்துச்சு’ என்று கேட்டேன். ‘ம், இருந்துச்சு’ என்றார். நானும் வழக்கம்போல் அறையில் கிடந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

“அண்ணன் மட்டும் இல்லேன்னா செம போர் அடிச்சிருக்கும் அண்ணி. எல்லாரையும் சிரிக்க வெச்சே கொன்னுட்டாரு. இத பாருங்க.”

பார்த்தேன். கைப்பேசியில் ஒரு வீடியோ: ஏரியில் ஒரு படகு. அதில் அச்சகமே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. கரையில் ஒரு பாறை. பாறையின் மேல், பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, அறைவாசி. ஏதோ பழைய பாட்டைக் கட்டைக் குரலில் பாடுகிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். பிறகு வழுக்கித் தண்ணீரில் விழுகிறார். எழுந்ததும் வாயெல்லாம் பல்.

அடுத்த படத்தில் குச்சி ஊன்றி மேடு ஏறுகிறார். அதற்கடுத்ததில் யாருக்கோ தொப்பி வாங்கப் பேரம் பேசுகிறார். என்னோடு வரும்போது தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட மாடி இறங்காத மனிதர்.

“வீட்லயும் இப்படித்தான் ஜாலியா இருப்பாரா அண்ணி?” என்று கேட்டாள் பைண்டிங் அக்கா.

“இதைவிட ஜாலியா இருப்பாரு” என்றேன். பச்சைப் பொய். என் காதிலிருந்து புகை வந்தது அவளுக்குத் தெரிந்திருந்தால் ஆச்சரியமில்லை.

4.

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதுவரை எழுதிய அறைவாசி யார்? இந்த வீடியோவில் இருப்பவர் யார்?

சுலபமான கதை ஒன்று உண்டு. அவருக்கும் பைண்டிங் அக்காவுக்கும் என்று (வேண்டாம். அவள் வாய் நிறைய அண்ணன் என்கிறாள். அவரும் வீடியோவில் அவள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நான் எண்ணிவிட்டேன், வெட்கமில்லாமல்.) ஒருத்தி மேல் பொறாமை என்றால் அவளைத் திட்டித் தீர்த்துவிடலாம். எனக்கு ஓர் அச்சகத்தின் மேலேயே பொறாமை. கணக்குப் பிரிவுப் பெரியவர், வண்டி ஓட்டுநர், மசி டப்பா தூக்குபவர், எல்லோர் மேலும். அந்தச் சிரிப்பை அவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்ததில்லை.

வீட்டில் கேட்க வாய் வரவில்லை. அதனால் இதுவரை எழுதிய பக்கங்களை வழக்கம்போல் சாப்பாட்டு மேசையில் அவர் கண்ணாடிக்கூட்டின் கீழே வைத்துவிட்டேன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அவர் எழுத்தைத் திருத்துவார், விஷயத்தைத் தொடமாட்டார். அறைவாசியைப் பற்றி நான் எவ்வளவு கேலி எழுதினாலும் ஒரு கால்புள்ளியைச் சேர்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

5.

பக்கங்கள் மேசைக்குத் திரும்பி வந்தன. கால்புள்ளிகள் சேர்ந்திருந்தன. ஓரத்தில் பென்சிலில் இரண்டு வரிகள் இருந்தன.

(ஏரி அல்ல, ஆறு.)

(வழுக்கி விழவில்லை. குதித்தேன்.)

எனக்குச் சுருக்கென்றது. பக்கங்களை எடுத்துக்கொண்டு போனேன். அவர் சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னங்க இது?”

“எது?”

“விஷயத்துல கை வைக்க மாட்டீங்களே. இப்ப மட்டும் என்ன?”

“தப்பா இருந்துச்சு. நான் அங்க இருந்தேன்ல.”

“அதத்தான் நானும் கேக்கறேன். அங்க மட்டும் எப்படிங்க இருந்தீங்க? எங்கூட வந்தா மட்டும் ஏன் கட்டில விட்டு இறங்க மாட்டேங்கறீங்க?”

அவர் குழாயை மூடினார். கையைத் துடைத்தார்.

“மொத தடவ நாம போனப்ப எனக்குக் காய்ச்சல். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நீ காய்ச்சல்னு எழுதல. சோம்பேறின்னு எழுதின. நல்லாத்தான் இருந்துச்சு, நானே சிரிச்சேன். அடுத்த தடவ பெட்டியில ஷூவ எடுத்து வெச்சேன். ‘ஐயோ, நீங்க வெளிய வந்துட்டா நான் என்னத்த எழுதறது’ன்னு சொன்ன.”

“அது விளையாட்டுக்குச் சொன்னதுங்க.”

“நானும் விளையாட்டுக்குத்தான் உக்காந்தேன். அப்புறம் எழுந்துக்க முடியல. ஆளாளுக்கு லெட்டர் போடறாங்க, தலகாணி உறை அனுப்பறாங்க. நான் எழுந்தா உன் கட்டுரை படுத்துடும்.”

“அப்ப ஆத்துல குதிச்சது?”

“அங்க யாரும் என்னை எழுதல” என்றார்.

(இதை நம்பலாமா? பழியை நைசாக என் தலையில் கட்டுகிறார் என்று ஒரு மனம் சொல்கிறது. எனக்கு முழுசாகச் சந்தேகம் போகவில்லை. ஆனால் அந்த ஷூ எனக்கும் நினைவிருக்கிறது. பழுப்பு நிறம். அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்தது நான்தான், தலையணை உறைக்கு இடம் வேண்டும் என்று.)

6.

முடிவுகள்.

அ. இதழாசிரியர் விரும்பும் முடிவு. விடுமுறைச் சிறப்பிதழுக்கு அறைவாசி கட்டாயம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். மலையில் அவர் திரைச்சீலையை மூடுகிறார், நான் சிகரத்துக்குப் போகிறேன், நீங்கள் சிரிக்கிறீர்கள்.

ஆ. வயிற்றெரிச்சல் விரும்பும் முடிவு. நான் மட்டும் போகிறேன். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாளும் படுத்திருந்துவிட்டு, வந்து ‘ம், இருந்துச்சு’ என்கிறேன். (இதை எழுதும்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைப்பானேன்.)

இ. நீங்கள் விரும்பும் முடிவு. அறைவாசி வெளியே வருகிறார். இருவரும் கைகோத்து மலையேறுகிறோம். ‘அறைவாசி சிகரம் தொட்டார்’ என்று நான் எழுதுகிறேன். உங்களிடமிருந்து கடிதங்கள் குவிகின்றன, யாரோ ஒருவர் கைத்தடி அனுப்புகிறார். அதற்கடுத்த ஊரில் அவருக்கு உண்மையாகவே தூக்கம் வந்தால் அப்போதும் உங்களுக்காக எழுந்து

(இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. பேனாவை வைத்துவிட்டு இதழாசிரியருக்குப் போன் செய்தேன்.)

“மலையப் பத்தி எழுதலீங்க.”

“என்னம்மா இது, சிறப்பிதழ் நேரத்துல! அறைவாசிக்கு என்னாச்சுன்னு கேட்டா வாசகர்களுக்கு என்ன பதில் சொல்றது?”

“வேலைய விட்டுட்டாருன்னு போடுங்க.”

ஒன்றை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தின் மேல் இருந்த பொறாமை இப்போது உங்கள் மேல் திரும்பிவிட்டது. இத்தனை வருடம் அவர் அந்த இருட்டு அறைகளில் படுத்திருந்தது உங்களுக்காக. அவருடைய குறட்டை, சோம்பல், பென்சில் எல்லாவற்றையும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

அதனால் மலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். அவர் ஏறலாம், பாடலாம், எதிலாவது குதிக்கலாம், மூன்று நாளும் தூங்கலாம். எதுவானாலும் அதைப் பார்க்கப்போவது நான் ஒருத்திதான். பெட்டியில் பேனா வைக்கவில்லை. கைப்பேசியில் படமும் எடுக்கப்போவதில்லை, பைண்டிங் அக்கா கேட்டாலும் சரி.

இந்தக் கடைசிப் பகுதியில் பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் அவர் திருத்தவில்லை. கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்.