அண்ணனின் குரல்

உமாதேவியின் அண்ணன் காந்திமதிநாதன் புளியங்குடி சாலையில் லாரி மோதி இறந்துபோன மூன்றாவது வாரம், அவள் வாசலில் நின்று, "அம்மா, தண்ணி வந்துட்டு, குடத்த எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டாள். அடுக்களையிலிருந்து சண்முகசுந்தரி ஓடி வந்தாள். வாசலில் மகளைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உமாதேவிக்குக் கனத்த குரல். போனில் பேசினால் அண்ணன் என்றே எல்லோரும் நினைப்பார்கள். அவன் இருந்தவரை அது வீட்டில் ஒரு வேடிக்கை.

"ஏட்டி, கொஞ்சம் மெதுவாப் பேசு. வெளிய நின்னு கூப்பிடாத" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சினாள். உமாதேவி மெதுவாகப் பேசினாள். பிறகு தேவைக்கு மட்டும் பேசினாள். அப்பா தில்லைநாயகம் முன்பே பேச்சு குறைந்தவர். சிவகிரியில் அந்த வீடு ஓய்ந்து கிடந்தது.

துக்கத்தில் கல்லூரி விண்ணப்பம் யாருக்கும் நினைவில்லை. தாமதமாகத் தென்காசிக்குப் போனபோது நாடகத்துறையில் மட்டும்தான் இடம் இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார், என்ன படிப்பு என்று கேட்கவில்லை. உமாதேவி விடுதியில் சேர்ந்தாள்.

முதல் மாதம் விளக்குகளுக்கு வயர் இழுத்தாள், கிழிந்த திரையைத் தைத்தாள். மூன்றாம் ஆண்டு படித்த ரெபேக்காள் ஒரு நாடகம் எழுதியிருந்தாள். அருவியில் வெள்ளம் வரும்போது குளிப்பவர்களை வெளியேற்றும் காவலாளியின் கதை. ஒருநாள் வாசிப்புக்கு அந்த வேடக்காரன் வரவில்லை. ரெபேக்காள் தாளை உமாதேவியிடம் நீட்டினாள். அவள் முணுமுணுத்தாள்.

"ஏன் உள்ளயே முழுங்குத?"

"என் குரல் நல்லா இருக்காதுக்கா."

"யாரு சொன்னா?"

உமாதேவி தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெபேக்காள் நாடகக் குழுவில் எல்லோரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. உமாதேவியை அருவிப்பக்கம் நிறுத்திவிட்டு, மற்ற பதினொரு பேரும் கடைகள் ஓரம் போய் நின்றார்கள்.

"வசனத்தச் சொல்லு. கேட்டா கையத் தூக்குவோம்" என்றாள் ரெபேக்காள்.

முதல் தடவை ஒரு கையும் எழவில்லை. அடுத்த தடவை இரண்டு. மூன்றாம் முறை, "தண்ணி கூடுது, எல்லாரும் மேல ஏறுங்க" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். பதினொரு கைகளும் எழுந்தன. குளிக்க வந்த ஒரு குடும்பம் நிஜமென்று நம்பி, ஈரத்துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். உமாதேவியும் சிரிக்க ஆரம்பித்தாள். அது அழுகையில் போய் முடிந்தது.

மிளகாய் பஜ்ஜிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ரெபேக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ரெபேக்காள் ஆறுதல் சொல்ல முயலவில்லை.

"உங்க அண்ணன் எப்படி இருப்பான்?"

அவன் செத்தபின் அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. பஸ் வரும்வரை அவனைப் பற்றியே பேசினாள். அவனுக்கு நீச்சல் தெரியாது, தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான். மற்றவர்களும் நெருங்கி வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

காவலாளி வேடம் அவளுக்கே வந்தது. மெஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்தார்கள். ஒத்திகைக்கு அவள் வராமல் யாரும் தொடங்கவில்லை.

டிசம்பரில் அரங்கேற்றம். அப்பாவுக்கு வயலில் நடவு. அம்மா மட்டும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். உமாதேவி முதல் வசனம் சொன்னதுமே அம்மாவின் தலை குனிந்தது. வெள்ளக் காட்சியில் உமாதேவி குரலெடுத்துக் கத்தியபோது, அம்மா எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே போனாள்.

காட்சி முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. ஓர் இடத்தில் உமாதேவி வசனத்தைப் பாதியில் விட்டாள். கூட நடித்த கௌரிசங்கர் நாடகத்தில் இல்லாதபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். முழுவதும் நடித்து முடித்தாள்.

மேக்கப்பைப் பாதி துடைத்தபடி ஓடிப்போய்ப் பார்த்தபோது, அம்மா சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துப் படியில் இருந்தாள்.

"நல்லாத்தான் பேசுத. எனக்குத்தான் முடியல. கண்ண மூடினா அவன் நிக்கான்."

"நான் என்னம்மா செய்ய? எனக்கு வேற குரல் இல்லையே."

"நீ என்ன செய்வ பாவம். இத்தன மாசமா உன் வாய அடச்சுப் போட்டேன். தப்புன்னு தெரியுது. தெரிஞ்சும் மனசு கேக்க மாட்டேங்குது."

பஸ் ஸ்டாண்டில் சிவகிரி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. அம்மா ஜன்னல் வழியே கையை நீட்டி, மகள் கன்னத்தில் மிச்சமிருந்த மையைத் துடைத்தாள்.

"பொங்கலுக்கு வருவியா?"

"வாரேன்மா."

"வா. முடியாத அன்னிக்கு நான் எந்திரிச்சு உள்ள போயிருவேன். அதுக்காக நீ பேச்ச நிறுத்திராத."

பொங்கலுக்குப் போனாள். பேசினாள். நான்கு நாட்களில் மூன்று முறை அம்மா எழுந்து உள்ளே போனாள். கடைசி நாள், ஐந்தருவியில் நண்பர்களிடம் சொன்ன நீச்சல் கதையை உமாதேவி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் அம்மா அழுவது கேட்டது. உமாதேவி தயங்கி நிறுத்தினாள்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெறகு?" என்றார்.